புளிப்பு பீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீர் என்றால் கசப்பு என்று பழகிய நாக்குக்கு, முதல் மடக்குப் புளிப்பு பீர் திகைப்பாகத்தான் இருக்கும். "இது பீர்தானா?" என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெல்ஜியத்து லாம்பிக் என்ற புளிப்பு பீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன். எனக்கு அதுதான் இந்த உலகத்தின் உச்சம்.

பீர் எப்படிப் புளிக்கிறது? கெட்டுப்போன பீரா?

சாதாரண பீரில் ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும். முளைகட்டிய பார்லியின் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் தரும். புளிப்பு பீரில் அதோடு பாக்டீரியாக்களும் சேர்கின்றன. முக்கியமாக இரண்டு: லாக்டோபேசிலஸ், பீடியோகாக்கஸ். இவை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சாதாரண பீரின் பிஹெச் அளவு பெரும்பாலும் 4.2 முதல் 4.6 வரை இருக்கும். புளிப்பு பீரில் அது 3.2 முதல் 3.6 வரை இறங்கிவிடும். இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.

கெட்டுப்போன பீரிலும் இதே கிருமிகள் இருக்கலாம். ஆனால் அங்கே அவை கேட்காமல் நுழைந்தவை. இங்கே அவற்றுக்கு இடமும் நேரமும் கொடுத்து, எப்போது நிறுத்துவது, எதோடு கலப்பது என்று முடிவு செய்ய ஒரு மனிதர் இருக்கிறார்.

ஒரு காலத்தில் எல்லா பீரும் புளிப்பாகத்தான் இருந்தது என்கிறார்களே?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. காய்ச்சிய சில வாரங்களுக்குள் குடித்துவிட்டால் பீர் அவ்வளவாகப் புளித்திருக்காது. மாதக்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்த பீர்தான் புளித்தது. மரத்தின் நுண்துளைகளுக்குள் குடியேறிய கிருமிகளை எந்தக் கழுவலும் முழுசாக விரட்டாது.

பழைய லண்டன் போர்ட்டர் பீர் இதற்கு நல்ல உதாரணம். அதைப் பிரம்மாண்டமான தொட்டிகளில் பல மாதங்கள் வைத்துப் பழையதாக்கி, புதிய பீரோடு கலந்து விற்றார்கள். 1814 அக்டோபர் 17 அன்று லண்டன் மியூ ஆலையில் அப்படி ஒரு தொட்டி உடைந்து, பீர் வெள்ளம் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்ததில் 8 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய அளவில் பீரைச் சேமித்து முதிர வைக்கும் வழக்கம் இருந்தது.

இப்படி வைத்த ஆங்கில பீர்களின் தனி மணத்துக்குக் காரணம் என்ன என்று தேடியவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் யெல்டே கிளாவுசன். 1904ல் அவர் அறிவித்த விடை பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். புளிப்பு பீர் பிரியர்கள் அதைச் செல்லமாக "பிரெட்" என்பார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் பெல்ஜியம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது முதலில் அடையாளம் காணப்பட்டது இங்கிலாந்து பீரில்.

அப்புறம் ஏன் மறைந்தது?

அறிவியல் வளர்ந்தது, அதுதான் காரணம். பீர் கெடுவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் 1876ல் விரிவாக எழுதினார். 1883ல் அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் குளிர்பதன இயந்திரமும் ஆலைகளுக்குள் வந்தது. தூய ஈஸ்ட், குளிர்ந்த அறை, பின்னால் எஃகுத் தொட்டி, எல்லாம் சேர்ந்து பளிச்சென்ற லாகர் பீரை எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் ஒரே சுவையில் தயாரிக்க வழி செய்தன.

இது பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். நாம் இன்று வாங்கும் பாட்டிலில் பெரும்பாலானவை அந்தச் சாதனையின் வாரிசுகள். ஆனால் மூன்று வருடம் பீப்பாயில் கிடக்கும் பீருக்குப் போட்ட முதல் திரும்பிவர மூன்று வருடமாகும். சில வாரத்தில் பணமாகும் லாகரோடு அது எப்படிப் போட்டி போடும்? போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மக்களின் நாக்கு இனிப்புக் குளிர்பானங்களுக்குப் பழகியது. பெல்ஜியத்தில் லாம்பிக் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. தப்பிய பெரிய ஆலைகள் பல, சர்க்கரையோ இனிப்பூட்டியோ சேர்த்துத்தான் பிழைத்தன.

லாம்பிக் என்றால் என்ன? அதில் ஈஸ்டே போடுவதில்லையாமே?

உண்மை, போடுவதில்லை. பிரசெல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே உள்ள பயோட்டன்லாந்த் பகுதியிலும், ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் செய்யப்படும் பீர் இது. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமை 30 முதல் 40 சதவீதம் சேரும். முளைகட்டாத கோதுமை எதற்கு என்றால், ஈஸ்டால் உடனே தின்ன முடியாத பெரிய மாவுச் சர்க்கரைகள் சாற்றில் மிஞ்ச வேண்டும். பின்னால் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வேலைக்கு வரும் கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களையும் நிறையப் போடுவார்கள். ஆனால் இரண்டு மூன்று வருடம் பழைய ஹாப்ஸ். கசப்பும் வாசனையும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். கெட்ட பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும் குணம் மட்டும் போதும். மணிக்கணக்கில் கொதிக்க வைத்த பிறகு அந்தச் சாற்றை மாடியில் இருக்கும் ஆழமில்லாத அகலத் தொட்டிக்கு ஏற்றி, இரவு முழுக்கத் திறந்தபடி ஆறவிடுவார்கள். இந்தத் தொட்டிக்குப் பெயர் கூல்ஷிப். குளிர்காற்று உள்ளே வர வேண்டும் என்பதால் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். கோடையில் காற்றில் வேண்டாத பாக்டீரியா அதிகம், சாறும் ஆற நேரமாகும்.

காலையில் அது பீப்பாய்க்குப் போகும். காற்றில் வந்தவையும், கூரை மரத்தில் இருப்பவையும், பீப்பாய்க்குள் ஏற்கெனவே வாழ்பவையும் சேர்ந்து வேலையைத் தொடங்கும். முதல் சில வாரம் குடல் பாக்டீரியா வகையறாவின் ஆட்சி. அப்போது வாசனை சகிக்காது. பிறகு சாதாரண ஈஸ்ட் மேலெழுந்து மூன்று நான்கு மாதத்தில் பெரும்பகுதிச் சர்க்கரையைச் சாராயமாக்கும். அதற்குப் பின் பீடியோகாக்கஸ் மெதுவாகப் புளிக்க வைக்கும். ஒரு கட்டத்தில் பீர் எண்ணெய் போல, நூல் விடுகிற மாதிரி கொழகொழவென்று ஆகிவிடுவதும் உண்டு. பார்த்தால் முழுசாகக் கெட்டுப்போச்சு என்றுதான் தோன்றும். யாரும் அதைக் கொட்டுவதில்லை. எட்டு மாதம் வாக்கில் பிரெட் களத்துக்கு வந்து அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்க்கும். காத்திருப்பதுதான் வைத்தியம்.

பிரசெல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் உள்ள கான்டியோன் ஆலையில் சிலந்தி வலைகளைக் கூடக் கலைப்பதில்லை. பீப்பாய்களையும் பழங்களையும் மொய்க்கும் பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்துக்கொள்ளும், பூச்சிமருந்து தேவையில்லை.

கூஸ், கிரீக், ஃபாரோ என்றெல்லாம் பெயர் போட்டிருக்கிறதே?

எல்லாம் லாம்பிக்கின் வடிவங்கள். நேராகப் பீப்பாயிலிருந்து பிடிக்கும் லாம்பிக்கில் நுரை கிடையாது, ஒயின் மாதிரி அசையாமல் இருக்கும். ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளசில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து ஷாம்பெய்ன் போலப் பொங்கும். புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் கிரீக், ராஸ்பெர்ரி என்றால் ஃப்ராம்புவாஸ். சர்க்கரை சேர்த்த இளம் லாம்பிக் ஃபாரோ.

கலப்பதை ஏதோ கடைசி வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நாளில் காய்ச்சிய சாறு இரண்டு பீப்பாயில் இரண்டு விதமாக முதிரும். ஒவ்வொன்றையும் சுவைத்து, எது எதோடு சேரும் என்று தீர்மானிப்பவர்தான் கூஸின் உண்மையான ஆசிரியர். சொந்தமாகக் காய்ச்சாமல், மற்ற ஆலைகளின் சாற்றை வாங்கித் தங்கள் பீப்பாயில் முதிரவைத்துக் கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே உண்டு.

லேபிளில் "ஔட்" (பழைய) என்ற முன்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மரபுவகைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. "ஔட் கூஸ்", "ஔட் கிரீக்" என்று போட்டிருந்தால் பழைய முறையில் செய்தது. வெறும் "கிரீக்" என்றால் இனிப்பூட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"குதிரைத் தொழுவ வாசனை" என்று பாராட்டுகிறார்கள். அதில் பாராட்ட என்ன இருக்கிறது?

பிரெட் தரும் சில வேதிப்பொருள்களின் மணம் அது. தோல், வைக்கோல், ஈரக் கம்பளி, மாட்டுக்கொட்டகை என்று பலவிதமாகச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் முகம் சுளிக்கத்தான் தோன்றும். குறைவான அளவில், எலுமிச்சைத் தோலின் வாசமும் பச்சை ஆப்பிளின் வாசமும் ஓக் மரத்தின் துவர்ப்பும் சூழ்ந்திருக்கும்போது அது ஆழத்தைக் கொடுக்கிறது. நல்ல கூஸில் முதலில் மூக்குக்கு வருவது பழமும் வைக்கோலும். நாக்கின் பக்கங்களில் புளிப்பு கூராக ஏறி, முடிவில் சொட்டு இனிப்பில்லாமல் உலர்ந்து நிற்கும். வாயில் உமிழ்நீர் ஊறும், அடுத்த மடக்கைக் கேட்கும்.

புளிப்பிலும் வகை உண்டு. லாக்டிக் அமிலத்தின் புளிப்பு மென்மையானது, உருண்டையானது. அசிட்டிக் அமிலம் தொண்டையைச் சுரண்டும், அதாவது வினிகர். காற்று அதிகம் பட்ட பீப்பாயில் இது கூடிவிடும். பெல்ஜியத்தின் இன்னொரு புளிப்பு வகையான ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீரில் அது கொஞ்சம் இருப்பது அழகு. லாம்பிக்கில் தூக்கலாக இருந்தால் குறைதான். "புளிப்பு பீர் என்றால் அப்படித்தான்" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீர் வேறா?

வேறுதான். மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரூசலாரே ஊரின் ரோடன்பாக் ஆலை 1821ல் தொடங்கியது. இங்கே காற்றை நம்புவதில்லை. ஈஸ்டும் பாக்டீரியாவும் கலந்த தங்கள் சொந்த வளர்ப்பைப் போட்டு, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் வரை முதிரவிடுவார்கள். அப்படி 294 தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. முதிர்ந்ததை இளம் பீரோடு கலப்பார்கள்: சாதாரண ரோடன்பாக்கில் முதிர்ந்தது கால் பங்கு, கிராண்ட் க்ரூ வகையில் மூன்றில் இரண்டு பங்கு. சிவப்பு ஒயினையும் செர்ரியையும் நினைவூட்டும் சுவை. ஒயின் குடிப்பவர்களுக்குப் புளிப்பு பீரை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஜெர்மனியில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர எதுவும் சேர்க்கக் கூடாதே. உப்பு போட்ட கோஸ பீர் எப்படி வந்தது?

வட்டாரச் சிறப்பு என்ற விதிவிலக்கில். கோஸ பீர் கோஸ்லார் நகரில் பிறந்து லைப்சிக்கில் வாழ்ந்தது. கோதுமை, கொத்தமல்லி விதை, உப்பு, லாக்டிக் புளிப்பு, நான்கும் சேர்ந்தது அதன் சுவை. கழுத்து நீண்ட பாட்டிலில் விற்றார்கள். மூடி கிடையாது, கழுத்துக்குள் மேலேறும் ஈஸ்டே அடைப்பாக இறுகிக்கொள்ளும்.

இந்த பீர் ஒருமுறை முழுசாகச் செத்துப்போனது. லைப்சிக்கில் கடைசியாகக் காய்ச்சிய ஆலை 1966ல் நின்றது. இருபது வருடம் கழித்து, கிழக்கு ஜெர்மனி இன்னும் இருந்தபோதே, லோதார் கோல்ட்ஹான் என்பவர் "ஓனே பெடெங்கன்" என்ற பழைய லைப்சிக் மதுக்கூடத்தை மீட்டெடுத்தார். கோஸ இல்லாமல் கோஸக் கடை எதற்கு என்று, அந்தச் சுவை நாக்கில் நினைவிருந்த முதியவர்களிடம் விசாரித்து, 1986ல் அதை மறுபடி காய்ச்ச வைத்தார். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த முதியவர்கள் இருந்த காலத்துக்குள் ஒருவர் போய்க் கேட்டார். இன்னும் கொஞ்ச காலம் தள்ளியிருந்தால் கேட்க ஆளே இருந்திருக்காது.

பெர்லினர் வைஸ இன்னொரு வகை. மூன்று சதவீதம் அளவே சாராயம், கோதுமை, கூர்மையான புளிப்பு. பெர்லினில் அகன்ற கோப்பையில் ஊற்றி, சிவப்பு ராஸ்பெர்ரிப் பாகோ பச்சை நிற வுட்ரஃப் மூலிகைப் பாகோ விட்டுத் தருவார்கள். முதல் பாதியைப் பாகு இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

இன்றைய மறுமலர்ச்சியை யார் தொடங்கியது?

ஒரு ஆளைச் சொல்ல முடியாது. ஆனால் பெல்ஜியத்தில் சிலர் விட்டுவிடாமல் இருந்ததால்தான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஏதோ மிஞ்சியது.

1900ல் தொடங்கிய கான்டியோன் ஆலையை மருமகனாக வந்து ஏற்றவர் ஜான்-பியர் வான் ராய். விற்பனை விழுந்துகொண்டிருந்த காலத்தில், 1978ல், இயங்கும் ஆலையையே அருங்காட்சியகமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். லெம்பேக் ஊரில் ஃபிராங்க் பூன் எழுபதுகளில், எல்லாரும் கடையை மூடும்போது, புதிதாகத் தொடங்கினார். பேர்சல் ஊரின் ட்ரீ ஃபோன்டெய்னன் நிறுவனத்தில் ஆர்மன்ட் டெபெல்டர் அப்பாவிடமிருந்து கலப்புக் கலையை எடுத்துக்கொண்டார். அவருக்கு 2009ல் நேர்ந்ததை லாம்பிக் பிரியர்கள் யாரும் மறக்கவில்லை. கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி அறை சூடேறியது. பாட்டில்கள் வெடித்தன, பல்லாயிரம் பாட்டில் கூஸ் பாழானது. அவர் அதில் மிஞ்சியதை வடித்துச் சாராயமாக்கி விற்று, கடையைத் தூக்கி நிறுத்தினார். 2022ல் அவர் மறைந்தபோது பல நாட்டு பீர் ஆலைக்காரர்கள் துக்கம் அனுசரித்தார்கள். இவர்களைப் பற்றி வெளியுலகுக்கு எழுதி எழுதிச் சொன்ன பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சனுக்கும் (பாடகர் வேறு) இதில் பங்குண்டு.

அமெரிக்காவுக்கு வித்து நேராகவே போனது. ரோடன்பாக்கில் வேலை பார்த்த பீட்டர் பூக்கார்ட் 1996ல் கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலைக்கு வந்து, மரத்தொட்டிகளில் "லா ஃபோலி" என்ற புளிப்பு பீரை உருவாக்கினார். கலிபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் ஆலையின் வின்னி சிலூர்ஸோ, பக்கத்து ஒயின் ஆலைகளின் காலிப் பீப்பாய்களில் பிரெட்டை வளர்த்தார். மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஆலை 2007ல் சொந்தமாக ஒரு கூல்ஷிப் கட்டி, அமெரிக்கக் காற்றிலும் இது நடக்கும் என்று காட்டியது.

இப்போது எல்லா இடத்திலும் புளிப்பு பீர் விற்கிறதே, எல்லாம் மூன்று வருடம் முதிர்ந்ததா?

இல்லை. பெரும்பாலானவை கெட்டில் சவர். காய்ச்சும் கொப்பரையிலேயே சாற்றை 35 முதல் 45 டிகிரி சூட்டில் வைத்து லாக்டோபேசிலஸ் போட்டால் ஓரிரு நாளில் புளித்துவிடும். உடனே கொதிக்கவைத்து பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, சாதாரண ஈஸ்டைப் போட்டுச் சில வாரத்தில் விற்றுவிடலாம். ஆலைக்குள் கிருமி பரவும் பயமும் இல்லை.

இதை மட்டமாகப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். வெயில் காலத்தில் நன்றாகச் செய்த ஒரு கோஸ அருமையான பானம். பிரேசிலின் சான்டா கத்தரினா மாநிலத்தில், உள்ளூர்ப் பழங்களைப் போட்டு "கத்தரினா சவர்" என்ற தங்கள் வகையையே உருவாக்கிவிட்டார்கள். இந்தியாவிலும் சில சிறு ஆலைகள் கோகம், மாம்பழம் என்று முயல்கின்றன. எனக்கு வருத்தம் தருவது, பழக்கூழையும் சர்க்கரையையும் கொட்டி, மில்க் ஷேக் போல ஆக்கி, அதையும் அதே பெயரில் விற்பது. கெட்டில் சவரில் ஒரே ஒரு அமிலத்தின் ஒற்றைக் குரல்தான் கேட்கும். மூன்று வருட கூஸை அதே அளவுகோலில், அதே விலைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் "இது ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்விதான் மிஞ்சும். காத்திருப்பவருக்குக் கூலி கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை காத்திருக்காது.

நம்ம ஊர் கள்ளும் இதே மாதிரிதானே?

நெருங்கிய உறவு உண்டு. கள்ளுக்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பாளையிலும் பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் தாமாகவே நொதிக்க வைக்கின்றன. பானையில் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை தடைபட்டுப் பதநீர் கிடைக்கிறது. வேறுபாடு வேகத்தில். வெப்ப நாட்டில் சர்க்கரை நிறைந்த சாறு சில மணி நேரத்தில் கள்ளாகி, அடுத்த நாள் காடியை நோக்கிப் போய்விடும். லாம்பிக்கில் குளிரும் ஹாப்ஸும் அதே பயணத்தை வருடக்கணக்கில் இழுத்துப்பிடிக்கின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், இந்த ஒப்பீட்டை நாக்கில் வைத்துப் பார்க்கக் கேரளா, இலங்கை போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

வயிற்றுக்கு நல்லது, நல்ல பாக்டீரியா இருக்கிறது என்கிறார்களே?

அந்தக் காரணம் சொல்லிக் குடிக்க வேண்டாம். கெட்டில் சவரில் பாக்டீரியாவைக் கொதிக்கவைத்தே கொன்றுவிடுகிறார்கள். மரபு லாம்பிக்கில் உயிருள்ள கிருமிகள் இருந்தாலும் அதில் 5, 6 சதவீதம் சாராயமும் இருக்கிறது. தானாக நொதித்த பீர்களில், ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரக்கூடிய ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் அளவும் கூடுதலாக இருக்கலாம், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைவலி வரும். அமிலம் அதிகம் என்பதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கவனமாக இருக்கவும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கெட்டில் சவரையும் கோஸவையும் புதிதாகவே குடித்துவிடுங்கள். ஔட் கூஸ் இருட்டான, குளிர்ந்த இடத்தில் பத்து வருடத்துக்கு மேலும் தாங்கும், வருடம் ஏற ஏறச் சாந்தமாகும். கிரீக்கை அவ்வளவு வைக்க வேண்டாம், பழத்தின் புதுமை போய்விடும்.

முதல்முறை குடிப்பவர் எதில் தொடங்கலாம்?

பெர்லினர் வைஸ அல்லது கோஸ, அதன் பிறகு ரோடன்பாக் கிராண்ட் க்ரூ, அப்புறம் ஔட் கூஸ். பூன் ஆலையின் கூஸ் மென்மையானது, கான்டியோன் கூரானது. இந்த வரிசையில் போனால் நாக்கு பழகிக்கொள்ளும்.

ஐஸ் போல ஜில்லென்று வேண்டாம். 10, 12 டிகிரி போதும், அதற்குக் கீழே புளிப்பு மட்டும்தான் தெரியும். அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும், பாட்டிலைக் குலுக்காமல் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். தக்கையைத் திறக்கும்போது ஒரு துணியால் பிடித்துக்கொள்வது நல்லது, அழுத்தம் அதிகம். கூட ஆட்டுப்பால் சீஸோ வறுத்த மீனோ இருந்தால் புளிப்பு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்யும். 750 மில்லி பாட்டில் என்றால் மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாக முழு பாட்டிலையும் முடித்தால் அமிலத்தில் நாக்கு மரத்துப்போய், கடைசிக் கோப்பையின் சுவையே தெரியாமல் போய்விடும்.